கொம்பு, கால், வால்

பின்பக்கமாகவே நடந்து குகைக்குள் இறங்குகிறாள். முகம் நம் பக்கம், முதுகு இருட்டின் பக்கம். இடது கையில் விரித்த குடை. வலது கையில் டார்ச் விளக்கு. அதன் வாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருப்பதால் வெளிச்சம் விரல்களின் சதை வழியாகக் கசிந்து, கை மட்டும் அடுப்புத் தணல்போலச் சிவந்து தெரிகிறது. ஒவ்வொரு படியையும் கால்விரல் நுனியால் தொட்டுப் பார்த்துக்கொண்டு இறங்குகிறாள். வழுக்கும் படி வந்தால் நின்று குடையை ஒரு தடவை ஆட்டுவாள். நூற்றுப் பதினேழு படிகள். ஒன்றையாவது திரும்பிப் பார்த்தாள் என்று யாராவது சொன்னால் அவர்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறாள் என்று தெரிந்துகொள்வதற்காகவே மூன்று சனிக்கிழமை அவள் பின்னால், அதாவது முன்னால், போனேன். நான்காவது வாரம் அவளே இரக்கப்பட்டுச் சொன்னாள்:

"முன்னால பாத்து நடந்தா, பின்னால வர்றவங்க என்ன பண்றாங்கன்னு எப்படிப் பெரியம்மா தெரியும்? பஸ் ஓட்றவருக்குக் கண்ணாடி இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"சரி, குகைக்குள்ளே குடை எதற்கு?"

"உள்ள மழை பெய்யும். ஆனா அது தண்ணி இல்ல."

மேலே கூரை முழுக்க வௌவால்கள். எத்தனை என்று கேட்டால், "தலைகீழாத் தொங்குறதைக் காலை வெச்சு எண்ணி ரெண்டால வகுக்கணும்" என்பாள். இதுவரை வகுத்து முடிக்கவில்லை.

இந்தப் பூங்காவின் குகை வழிகாட்டி அவள். எல்லாரும் அவளை வாலக்கா என்கிறார்கள். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இதென்ன பெயர் என்று முதலில் எனக்கும் தோன்றியது. பழகிய பிறகு, வேறு எந்தப் பெயரும் பொருந்தாது என்று தெரிந்தது. சின்ன வயதில் சுருட்டி வைக்காத வால், பெரிய வயதில் மட்டும் சுருண்டுவிடுமா? ஆனால் இந்தப் பெயர் அந்த வாலால் வந்ததில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

பூங்கா பழையது. இருநூறு வருடத்துக்கு முன் ஒரு பணக்காரர் தன் மாளிகைக்குத் தோட்டம் போட ஆரம்பித்து, தோட்டம் முடிவதற்குள் மாளிகை கட்டும் எண்ணத்தையே விட்டுவிட்டாராம். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். வருகிறவர்களெல்லாம் மூக்கைத் தடவித் தடவி, இப்போது இரண்டும் வயதான பூனைகள். முள் இல்லாத ஒரு கடிகாரக் கோபுரம் உண்டு. எதற்கும் தாமதமாகவே வரும் அந்தப் பணக்காரர், முட்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் என்று நான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பொய்யென்று நிரூபிக்க ஆள் இல்லாததால் அது வரலாறாகிவிட்டது. கோபுரத்திலிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை கிளம்புகிறது. வழியெங்கும் வெள்ளை பூசிய எண் கற்கள். ஐந்தாம் கல்லில் எதிரொலிக் குகை. அதில் ஜனங்கள் காலை முதல் மாலை வரை தங்கள் பெயரைத் தாங்களே கூப்பிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் மகிழ்கிறார்கள். எட்டாம் கல்லில் ஒரு சுனை. பன்னிரண்டாம் கல்லில் பாதை முடிந்து வாலக்காவின் குகை. காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், அந்தக் குகை வாயிலிருந்து வருகிற காற்று மட்டும் ஈரத்துணி மாதிரி முகத்தில் படும்.

உள்ளே போகுமுன் கூட்டத்தை நிறுத்தி ஒவ்வொருவராக முகர்ந்து பார்ப்பாள். வெட்கமே கிடையாது. கழுத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், "வௌவாலுக்கு ஆகாது, வாசனை போட்டவங்கல்லாம் கடைசியில வாங்க" என்று ஒதுக்குவாள். வாசனை போட்டவர்களுக்கு அவமானம், போடாதவர்களுக்கு அதைவிட அவமானம். பிறகு குகை வாயில் குறுக்கே கிடக்கும் தட்டைக் கல்லைக் காட்டுவாள். அதற்கு வாய்க்கல் என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள்.

"இது குகை வாய்க்கும் கல்லு, நம்ம வாய்க்கும் கல்லு. தாண்டினதுக்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் கிடையாது."

அவளுக்கும் கிடையாது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவள் கணவர் பூங்காவின் மோட்டார் அறையில் வேலை. ஒருநாள் மோட்டாரில் புகை வந்து அறைச் சாவி தேடி ஓடிவந்தார். சாவி அவள் இடுப்பில். அவளோ கல்லைத் தாண்டி இரண்டு படி உள்ளே. மனிதர் பேச வாயெடுத்ததும் விரலை உதட்டில் வைத்துவிட்டாள். பாவம், அவர் கையை வளைத்து வளைத்துப் புகையைக் காட்டினார். அவள் பாம்பு என்று எடுத்துக்கொண்டு குடையை நீட்டினாள். மோட்டார் போனது போனதுதான்.

குகை வாசலில் பேசிப் பழகிய கிசுகிசுப்பு வீடு வரை தொற்றிவிட்டது. வீட்டிலும் அவள் குரல் உதட்டைத் தாண்டாது. அவருக்கோ மோட்டார் சத்தத்தில் காது மந்தம். இவள் சொல்வது அவருக்குக் கேட்காது. கேட்காததற்கு அவர் பதில் சொல்வதில்லை. இருபத்தாறு வருடமாகச் சண்டையில்லாத குடும்பம். இதைச் சொன்னவள் அவருடைய தங்கை, வாலக்காவின் நாத்தனார். பூங்கா வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கிறவள். அண்ணி கிசுகிசுக்கிற அந்த வீட்டின் குரல் முழுவதும் இவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி வால்.

குகை வாசலில் ஒரு பழைய பலகை இருந்தது. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து: வௌவால் குகை. எழுதிய ஓவியர் ஒழுங்கு மிகுந்தவர். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு, எல்லா எழுத்தையும் அதற்குள் சமமாக நிற்க வைத்துவிட்டார், பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை வரிசை மாதிரி. அதில்தான் வினை. ஔகாரத்தின் கடைசியில் வருகிற அந்தக் குறி அடக்கமாக, சின்னதாக இருக்க வேண்டும். இவர் கையில் அது ஆளுயர 'ள' ஆகி நின்றது. எங்கள் இலக்கண வாத்தியார் அந்தக் குறிக்குக் கொம்புக்கால் என்று பெயர் சொல்வார். யோசித்துப் பாருங்கள். முன்னால் கொம்பு. நடுவில் கால். முடிவில் வால். ஒரு சொல்லுக்கு இத்தனையும் கொடுத்தால் அது மிருகமாகாமல் என்ன செய்யும்?

இரண்டு வருடத்துக்கு முன், குட்டி போடும் பருவத்தில் ஒரு சனிக்கிழமை. தாய் வௌவாலுக்கு வருடத்துக்கு ஒரே குட்டி. அதைக் கூரையில் தொங்கவிட்டு, பக்கத்தில் தானும் தொங்கித் தூங்கும். தூக்கத்தில் வெளிச்சம் பட்டால் மொத்தக் கூட்டமும் பதறிப் பறக்கும். பிடி பலமில்லாத குட்டிகள் பொத்தென்று கீழே விழும். விழுந்தவற்றில் பாதிதான் பிழைக்கும். ஒன்பது வருடமாக வாலக்கா, அப்போது வெறும் வழிகாட்டியக்கா, எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள். "குட்டிங்க தூங்குதுங்க, விளக்கு அடிக்காதீங்க." மனிதனிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால் என்ன ஆகும்? அத்தனை கைப்பேசிகளும் கூரையைப் பார்த்து எரியும்.

அன்று கூட்டத்தில் புதிதாக எழுத்துக் கூட்டப் பழகிய ஒரு சிறுமி. கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும் வயது. பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள்.

"வெ. ள. வால். அம்மா, வெள்ள வாலாம். வெள்ள வால் குகையாம்."

அம்மா கைப்பேசி விளக்கைத் தட்டிக்கொண்டே, "அப்படியா, எங்க காணோமே" என்றாள்.

வாலக்கா ஒரு நொடிதான் யோசித்தாள் என்று நாத்தனார் சொல்கிறாள். அந்த நொடியைத் தானே கூட இருந்து பார்த்ததுபோல்தான் சொல்வாள்.

"வெளிச்சம் அடிச்சா வெள்ள வால் வராது கண்ணு."

சிறுமி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விளக்கை அணைத்தாள். பக்கத்திலிருந்தவர் அணைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் அணைத்தார். அந்தக் குகையில் மனிதர்கள் இருந்தும் இருட்டு இருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஒரு வாலுக்காகக் கால் மணி நேரம் நின்றார்கள். ஒரு குட்டிகூட விழவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளை வால் வளர்ந்த வேகம் இருக்கிறதே, காட்டுக்கொடி தோற்றது. குகையைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு பார்வையாளர் புத்தகம் வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் "நன்று", "கழிப்பறை தூரம்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. இப்போது எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. வங்கி அதிகாரி ஒருவர், "நீளம் சுமார் ஒன்றரை அடி, நிச்சயமாக வெள்ளை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அதன் கீழேயே அவர் மனைவி, "இரண்டடி. இவருக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம்." புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று இரண்டு வால்களைப் பார்த்தது. ஒரு பல் மருத்துவர், அதன் பற்களைப் பற்றி மட்டும் அரைப் பக்கம். "என் கழுத்தைத் தடவிச் சென்றது, இனி எனக்குக் கவலையில்லை" என்று ஒரு விதவை. நானும் ஒருநாள் நாலு வரி எழுதினேன். என்ன எழுதினேன் என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பக்கத்தைப் பலர் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று மட்டும் கேள்வி.

புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாதவள் அவள் ஒருத்திதான். வெள்ளை வால் இருக்கிறது என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. வெளிச்சம் அடித்தால் வராது என்பாள், அவ்வளவே. அது பொய்யா? இல்லாதது வெளிச்சத்தில் எப்படி வரும்?

"இருட்டுலயும் வராதுதான். அதை யாரும் கேக்கலையே பெரியம்மா" என்றாள் என்னிடம். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

இந்த வருடம் கோடை தொடங்கும்போது பூங்காவுக்குப் புதிய மேலாளர் வந்தார். நல்ல மனிதர், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்வதைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா, அதன் மூடி தொலைந்து, பைக்கு எப்போதும் மூக்கில் இரத்தம் வந்தது மாதிரி ஒரு கறை. வந்த மூன்றாம் நாளே "பூக்களை பறிக்காதீர்" என்ற பலகைகளில் எல்லாம் விடுபட்ட ஒற்றைச் சேர்த்துவிட்டார். அதன் பிறகு ஜனங்கள் பூக்களைப் பறித்தார்கள்.

பத்தாம் நாள் பார்வையாளர் புத்தகம் அவர் மேசைக்குப் போனது. வாலக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைக்கும் சீட்டு கொடுக்கும் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். எனவே பின்வருவதில் ஒரு சொல்லும் என் கற்பனையில்லை, எல்லாம் நாத்தனாருடையது.

"உக்காருங்கம்மா."

"பரவால்ல சார். நின்னே பழக்கம்."

"வெள்ளை வால்னு ஒரு பிராணி இந்தப் பூங்காவுல இருக்கா?"

"புத்தகத்துல நெறைய பேர் எழுதியிருக்காங்க சார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"இருக்குன்னு சொன்னீங்களா?"

"இல்ல சார். வெளிச்சம் அடிச்சா வராதுன்னு சொன்னேன்."

"அடிக்காட்டி வருமா?"

"இத்தன நாள்ல இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான் சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து, சிவப்புப் பேனாவால் பெரிதாக ஔகாரம் எழுதிக் காட்டினார். பிழையின் வேரைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு.

"பாருங்க. இந்தக் குறி மத்த எழுத்துல பாதி உயரம்தான் இருக்கணும். இதைப் பெருசா எழுதினா ள ஆயிடும். வெ-ள-வால்னு படிப்பாங்க. இவ்வளவுதான் விஷயம், அரை விரல் உயரம். இதுலருந்துதான் இத்தனை புரளியும்."

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவேதான். புதுப் பலகைக்குச் சொல்லியிருக்கேன், சரியான எழுத்துல. வௌவால் இருக்கு, குட்டி இருக்கு, விளக்கு அடிக்காதீங்கன்னு எல்லாம் தெளிவா எழுதிடுவோம். எழுதி வெச்சா ஜனங்க படிப்பாங்கம்மா. ஆனா இனிமே வெள்ளை வால்னு ஒரு சொல் உங்க வாயிலருந்து வரக் கூடாது. வந்தா எதிரொலிக் குகைக்கு மாத்திடுவேன்."

கிசுகிசுக்கிறவளை எதிரொலிக் குகைக்கு அனுப்புவதென்றால் மீனை மொட்டை மாடிக்கு மாற்றுவது மாதிரி.

"வராது சார். என் வாயிலருந்து வராது. இந்தத் தாளை நான் எடுத்துக்கலாமா?"

"தாராளமா" என்றார் மேலாளர். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று மனம் குளிர்ந்திருக்கும்.

"அண்ணி வாக்குக் குடுத்தா முடிஞ்சுது" என்றாள் நாத்தனார், எனக்குச் சில்லறை எண்ண மறந்து. "ஒரு தடவ எங்கண்ணன் சட்டையில எண்ணெய்க் கறையைப் பாத்துட்டு, இனிமே உங்க சட்டையைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டாங்க. பதினாலு வருஷம் ஆச்சு. அவருதான் தொவைக்கிறாரு."

புதுப் பலகை வந்தது. அழகான பலகை. பச்சையில் வெள்ளை. "வௌவால் குகை. உள்ளே வௌவால்கள் குட்டிகளுடன் உறங்குகின்றன. விளக்கு அடிக்கக் கூடாது. பேசக் கூடாது." ஒற்று, கொம்பு, கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய உயரத்தில். என்னைப்போன்ற பழைய படிப்புக்காரிக்குக் கண் நிறைந்தது என்றே சொல்வேன்.

மேலாளர் சொன்னது சரி. ஜனங்கள் படித்தார்கள்.

"வவ்வாலா? ஐயே."

"குட்டி போட்டிருக்காம்டா. எங்க, மேலயா?"

"அந்த மூலையில அடி, அந்த மூலையில. படம் எடு, எடு."

வாலக்கா பின்பக்கமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். குடையைக் குறுக்கே நீட்டினாள், விரலை உதட்டில் வைத்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கும்பிட்டாள். வாய்க்கல்லைத் தாண்டியாயிற்று, பேச மாட்டாள். பேசினாலும் சொல்வதற்கு அவளிடம் இருந்த ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

மதியம் நான் பன்னிரண்டாம் கல்லுக்கு வந்தபோது குகைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். குடை மடியில் தலைகீழாக, கிண்ணம்போல் விரிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஈரத்தில் ஊறிய பேரீச்சம்பழங்கள் என்று முதலில் நினைத்தேன். அதில் ஒன்று வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. மயிர் முளைக்காத உடம்பு, நனைந்த காகிதம்போல் காது, மடித்து வைத்த இறக்கையின் ஓரத்தில் நம் நகத்தைப்போல ஒரு நகம்.

"பதினாலு விழுந்துச்சு பெரியம்மா. ஒன்பதைக் கம்புல சாக்கைச் சுத்திச் சுவர்ல ஏத்திட்டேன். பிடிச்சுக்கிச்சு. அம்மாக்காரி வந்து எடுத்துப்பா. இந்த அஞ்சுக்கும் பிடி இல்ல."

ஒன்றை எடுத்துத் தன் சுட்டுவிரல் நுனியைக் கொடுத்தாள். அது பிடிக்கப் பார்த்தது. நழுவியது.

"எழுதி வெச்சா படிப்பாங்கன்னாரு. படிச்சாங்க. அதான் வம்பாப் போச்சு."

குடையை அப்படியே ஏந்திக்கொண்டு, பின்பக்கமாகவே பன்னிரண்டு கல்லும் நடந்து மேலாளர் அறைக்குப் போனாள். நானும் போனேன், காற்று வாங்க. மேலாளர் குடைக்குள் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"குகையைக் கொஞ்ச நாள் மூடலாம்மா. மேலிடத்துக்கு எழுதணும். மூணு மாசத்துல பதில் வந்துடும்."

"குட்டி பறக்க ஆறு வாரம்தான் சார்."

"பலகையை இன்னும் பெருசா வெக்கட்டுமா?"

"பெருசா வெச்சா இன்னும் தூரத்துலருந்தே படிச்சிட்டு வருவாங்க சார்." குடையை அவர் மேசையில் வைத்துவிட்டு, "அந்த வார்த்தையை நான் திருப்பிச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

மேலாளர் குட்டியைப் பார்த்தார். சிவப்புப் பேனாவைத் தொட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டமான நிமிடம் என்பது எனக்குத் தெரிந்தது.

"முப்பது வருஷம்மா. தெரிஞ்சு ஒரு பிழையைக் கூட நான் விட்டதில்லை. இல்லாததை இருக்குன்னு சொல்லச் சொல்லி என்னால அனுமதி குடுக்க முடியாது. நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

"ஆமா சார். குடுத்திருக்கேன்" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு திரும்பி, அறையைவிட்டு நேராக, முன்பக்கமாக நடந்து போனாள். அவளை நான் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐந்தில் இரண்டு பிழைத்தன. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை பதினோரு குட்டிகள் விழுந்தன.

அடுத்த சனிக்கிழமை காலை, வாசல் திறக்க இன்னும் அரை மணி. நடைப் பயிற்சிக்கு வருகிற எங்களை மட்டும் பக்கத்து வழியாக விடுவார்கள். வெயில் இன்னும் பல் விளக்கவில்லை. பன்னிரண்டாம் கல்லில் சீட்டு அறையின் பிளாஸ்டிக் முக்காலி நிற்கிறது. முக்காலியின் மேல் வாலக்கா. முக்காலியைப் பிடித்தபடி நாத்தனார். கீழே, நடைபாதைக் கற்களுக்குப் பூசுகிற வெள்ளைச் சாயம் ஒரு டப்பாவில். மோட்டார் அறையிலிருந்து வந்திருக்கிறது. வாலக்காவின் இடது கையில் சிவப்பு மையில் எழுதிய ஒரு தாள். வலது கையில் மெல்லிய தூரிகை.

அந்தச் சொல் பலகையில் இரண்டு இடத்தில் வருகிறது. முதல் குறியின் தலையை மேல்கோடு வரை உயர்த்தியாகிவிட்டது. இரண்டாவதில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"வாயைத் தொறக்கலை பெரியம்மா. நீங்களே சாட்சி" என்றாள் திரும்பாமல். "நீங்க படிச்சவங்க. சரியா இருக்கா பாருங்க."

பாட்டனார் காலத்திலிருந்து தமிழ் படித்த குடும்பம் எங்களுடையது. ஒரு சந்திப்பிழைக்காகச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றவர்கள். நான் மூன்றடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"காலை இன்னும் ஒரு நூல் கீழே இழு" என்றேன்.

இழுத்தாள். ஓரம் பிசிறடித்ததைச் சுட்டுவிரலால் வழித்துச் சரி செய்தாள். மீதி எழுத்துகள் எதையும் தொடவில்லை. அவை உண்மையைத்தான் சொல்கின்றன.

"அண்ணி, மாட்டினா எதிரொலிக் குகைதான். காலையில போய் நின்னுட்டு, வாலு வாலுன்னு கத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றாள் நாத்தனார், முக்காலியைத் தூக்கிக்கொண்டு. "அங்க மட்டும்தான் நீங்க ஒரு தடவ சொன்னா ஊரே அஞ்சு தடவ கேக்கும்."

"அப்ப உங்கண்ணனுக்கும் கேக்கும்" என்றாள் வாலக்கா.

ஒன்பதரைக்கு முதல் கூட்டம். இருபது பேர் இருக்கும். எல்லாருக்கும் கடைசியில் மேலாளரும் வந்தார். சென்ற வாரம் முதல் அவருக்கும் தூக்கமில்லை என்று கேள்வி. தன் பலகை தன் கண் முன்னால் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார். வாலக்கா வழக்கம்போல் எல்லாரையும் முகர்ந்தாள். வாசனை போட்ட இரண்டு பேரை ஒதுக்கினாள். மேலாளரையும் முகர்ந்து, சும்மா விட்டாள். கல்லைக் காட்டி, பேச்சு அங்கேயே நிற்க வேண்டும் என்றாள். வாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்வரிசையில் இரண்டு கைப்பேசிகள் அதற்குள் எரிய ஆரம்பித்துவிட்டன.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண்குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது. பலகை நேராக அதன் கண்ணுக்கு எதிரே.

"வெ. ள. வால். அப்பா, வெள்ள வால் குகை. உள்ள வெள்ள வாலெல்லாம் குட்டியோட தூங்குதாம்."

"எங்க போட்டிருக்கு?" அப்பா நிமிர்ந்தார். உதடு அசையப் படித்தார். "அட, ஆமாம்." கைப்பேசியைப் பார்த்தார். அணைத்தார். பக்கத்திலிருந்த அம்மாள், "என்னது, என்னது" என்று கேட்டுவிட்டுத் தன்னுடையதையும் அணைத்தாள். பின்வரிசையில் ஒருவர் இன்னொருவருடைய காதில் ஏதோ ஓதினார். வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, முதல் வரியைப் பார்த்தார். இரண்டாம் வரியைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. முப்பது வருடத்துக் கண். காயாத சாயத்தைத் தப்ப விடுமா? மெதுவாகத் திரும்பி வாலக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த எழுத்துல யார்..."

அவளுடைய குதிகால் அதற்குள் கல்லைத் தாண்டிவிட்டிருந்தது. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரை நேருக்கு நேர் பார்த்தபடி, நுனியில் வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்த சுட்டுவிரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.